சம்பளம் வரும் நாளும் செலவு வரும் நாளும்

தனியாக வாழத் தொடங்கும் இளைஞர்களுக்குச் சொல்லப்படும் பண அறிவுரைகளில் பெரும்பாலானவை எவ்வளவு செலவிடலாம், எவ்வளவு சேமிக்க வேண்டும் என்று அளவைப் பற்றியே பேசுகின்றன. பெற்றோர் வீட்டிலிருந்து வெளியேறி, என் சம்பளத்தில் என் வீட்டை நானே நடத்திச் சில ஆண்டுகள் ஆன பிறகு, அளவுக்கு முன்பாகக் கவனிக்க வேண்டியது காலம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில், ஒரே தொகையாக வருகிறது. செலவுகளில் சில அன்றாடம் வருகின்றன. சில மாதத்தின் குறிப்பிட்ட தேதியில் வருகின்றன. சில ஆண்டுக்கு ஒருமுறை பெரிய தொகையாக வருகின்றன. இன்னும் சில எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாதவை. வரவின் நாளுக்கும் செலவின் நாளுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியை நாம் முன்னதாக ஒதுக்கிவைத்த பணம் நிரப்பினால் வாழ்க்கை அமைதியாக நடக்கிறது. அதைக் கடன் நிரப்பினால், அந்த இடைவெளிக்கே நாம் வட்டி என்ற பெயரில் விலை கொடுக்கத் தொடங்குகிறோம்.

பெற்றோருடன் இருந்த காலத்தில் இந்த இடைவெளி என் கண்ணில் பட்டதே இல்லை. மின்கட்டணம் எந்தத் தேதியில் கட்டப்பட்டது, காப்பீட்டுத் தொகைக்கு எந்த மாதத்தில் பணம் புரட்டினார்கள், குளிர்பதனப் பெட்டி பழுதானபோது அந்தச் செலவு எதிலிருந்து வந்தது என்பதெல்லாம் அவர்களுடைய தலையில் ஓடிய கணக்கு. வேலைக்குச் சேர்ந்து தனியே வாழும்போது கைக்கு வரும் சம்பளம் போதுமானதாகத் தெரிந்தும், மாதத்தின் இருபதாம் தேதிக்கு மேல் பலருக்கு ஏன் நெருக்கடி வருகிறது என்பதற்கு ஊதாரித்தனத்தைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் நான் பார்த்தவரையில் அவர்களில் பலர் சிக்கனமானவர்களே. அந்தக் கணக்கை யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் உண்மையான காரணம்.

ஆகையால் செலவுக் கணக்கு எழுதும்போது உணவு, போக்குவரத்து, பொழுதுபோக்கு என்று வகை பிரிப்பதற்கு முன்னால், தேதி வாரியாக எழுதிப் பார்க்கும்படி எல்லோருக்கும் சொல்வேன். நான் செய்வது மிகவும் எளிமையானது. ஒரு தாளில் மாதத்தின் எல்லாத் தேதிகளையும் வரிசையாக எழுதி, பணம் வரும் நாளையும், வாடகை, இணையக் கட்டணம், கடன் தவணை, சந்தா போன்றவை கணக்கிலிருந்து போகும் நாட்களையும் அவற்றின் எதிரே குறித்துக்கொள்கிறேன். அதன்பிறகு ஒவ்வொரு தேதியின் முடிவிலும் கணக்கில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று கழித்துக்கொண்டே போகிறேன். மாதத்தின் மொத்த வரவு மொத்தச் செலவைவிட அதிகமாக இருந்தாலும், நடுவில் ஏதோ ஒரு வாரத்தில் கையிருப்பு பூஜ்யத்தை நெருங்குவதை இந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய வாரத்தில்தான் தானாகப் பற்று வைக்கப்படும் தவணைகள் பணமில்லாமல் திரும்புகின்றன, அபராதம் விழுகிறது, கடன் வரலாற்றில் தாமதம் பதிவாகிறது. இதற்கு உள்ள மருந்து பல நேரங்களில் செலவைக் குறைப்பது கூட அல்ல. கட்டணத் தேதியை மாற்றித் தரும்படி கேட்டால் பல நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன. முடிந்தவரை எல்லா நிலையான செலவுகளையும் சம்பளம் வந்த முதல் சில நாட்களுக்குள் கொண்டுவந்துவிட்டால், அதன் பிறகு கணக்கில் தெரியும் தொகை உண்மையிலேயே நம் கைச்செலவுக்கான தொகையாக இருக்கும். கணக்கைத் திறந்து பார்க்கும்போது தெரியும் எண்ணை நம்பலாம் என்ற நிலை, அனுபவித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பெரிய நிம்மதி.

அடுத்ததாக அந்த மீதித் தொகையை ஒரே முடிச்சாக வைத்துக்கொள்ளாமல் வாரக் கூலியாக மாற்றிக்கொண்டேன். சம்பளம் வரும் கணக்கு ஒன்று, செலவுக்கான கணக்கு வேறொன்று. ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு நிலையான தொகை தானாகப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்த முறையைப் பின்பற்றும் பலர், மாதத் தொகையை நான்கால் வகுத்துவிட்டு மாதக் கடைசியில் ஏன் துண்டு விழுகிறது என்று புரியாமல் திகைக்கிறார்கள். ஆண்டில் 52 வாரங்கள் இருப்பதால் ஒரு மாதத்துக்குச் சராசரியாக 4.33 வாரங்கள் வரும். நான்கால் வகுத்தால் அந்த மிச்ச நாட்களுக்குப் பணம் ஒதுக்கப்படாமலேயே போய்விடும். மாதத் தொகையை 31ஆல் வகுத்து ஏழால் பெருக்கினால் வரும் தொகையே பாதுகாப்பான வாரத் தொகை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு வாரம் கை நீண்டுவிட்டால் அதன் விளைவு அதே வாரத்தின் இறுதியில் தெரிந்துவிடுகிறது; நான்கு நாட்கள் கட்டுப்பாடாக இருந்து சரிசெய்துகொள்ளலாம். மாதக் கணக்கில் இதே தவறு மூன்று வாரம் மறைந்திருந்து, திருத்த இடமில்லாத நேரத்தில் வெளியே வருகிறது.

ஆண்டுச் செலவுகளைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காப்பீட்டுப் பிரீமியம், வாகனப் பராமரிப்பு, உரிமங்களின் புதுப்பிப்பு, ஊருக்குப் போய்வரும் பயணம், உறவினர் வீட்டு நிகழ்ச்சிகளுக்கான பரிசு ஆகியவற்றை நாம் எதிர்பாராத செலவு என்று அழைக்கிறோம். அவை ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வருகின்றன என்னும்போது அவற்றை எதிர்பாராதவை என்று சொல்வதற்கு நியாயமில்லை. ஆண்டுக்கு 12,000 பிரீமியம் என்றால் அது மாதத்துக்கு 1,000 செலவுதான். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 36,000 கொடுத்து மாற்ற வேண்டிய மடிக்கணினியும் மாதத்துக்கு 1,000 செலவுதான். இவற்றை எல்லாம் கூட்டிப் பன்னிரண்டாலோ முப்பத்தாறாலோ வகுத்து, அந்தத் தொகையைச் சம்பள நாளிலேயே தனிக் கணக்குக்கு நகர்த்திவிட வேண்டும். இதைச் சேமிப்பு என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. இன்னும் கேட்டு வராத கட்டணத்தை நாம் தவணையாக நமக்கே கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எண்ணுவதே சரி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் என் உண்மையான மாதச் செலவு நான் நினைத்திருந்ததைவிடக் கணிசமாக அதிகம் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததனால் செலவு கூடிவிடவில்லை. அந்த எண்ணை வைத்து வீட்டு வாடகையை முடிவு செய்ய முடிந்தது.

வாடகைதான் தனியாக வாழ்பவரின் முடிவுகளிலேயே மிகப் பெரியது. காபியை விட்டால் பணம் சேரும், புதுத்துணி வாங்காவிட்டால் பணம் சேரும் என்பவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சிறு மறுப்புகளை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும். வாடகையை ஒருமுறை சரியாகத் தீர்மானித்துவிட்டால் அது ஒவ்வொரு மாதமும் தானாகவே பணத்தை மிச்சப்படுத்துகிறது. வாடகையுடன் அலுவலகத்துக்குப் போய்வரும் செலவையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தே வீடுகளை ஒப்பிட வேண்டும். வாடகை குறைவு என்று தொலைவில் குடியேறியவர்கள் அந்த வித்தியாசத்தைப் போக்குவரத்துக்கும், களைத்துத் திரும்பியபின் வெளியில் வாங்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துவிடுவதை என்னுடன் பணிபுரிந்தவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

வீடு மாறும் சமயத்தில் வரவும் செலவும் எப்படி நாள் தவறிப் போகும் என்பதை நான் நேரிடையாக உணர்ந்தேன். பழைய வீட்டில் கொடுத்திருந்த முன்பணம், வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தவுடன் கைக்கு வரவில்லை. வண்ணம் பூச வேண்டும், பழுது பார்க்க வேண்டும் என்று உரிமையாளர் இழுத்துக்கொண்டே போனார். புதிய வீட்டுக்கோ குடியேறுவதற்கு முன்பே முன்பணமும் முதல் மாத வாடகையும் தர வேண்டியிருந்தது. கணக்கில் பார்த்தால் அந்தப் பணம் என்னுடையதுதான், ஆனால் தேவைப்பட்ட வாரத்தில் அது என் கையில் இல்லை. ஒதுக்கிவைத்திருந்த தொகை இருந்ததனால் கடன் வாங்காமல் அந்த இடைவெளியைக் கடந்தேன். குடியேறும் நாளிலேயே சுவர், தரை, குழாய், கதவு ஆகியவற்றைத் தேதியுடன் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவைப்பது அதன்பின் நான் விடாமல் செய்யும் வேலை. வெளியேறும்போது எந்தப் பழுது யாருடையது என்ற வாதத்துக்கு இடமிருப்பதில்லை.

அவசர நிதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கான தொகை என்று சொல்லும்போது, அது சம்பளத்தின் மடங்கு அன்று, அத்தியாவசியச் செலவின் மடங்கு என்பதைக் கவனிக்காமல், எட்ட முடியாத மலை என்று பலர் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். வாடகை, உணவு, மருந்து, கட்டணங்கள், தவணைகள் ஆகியவை சேர்ந்து சம்பளத்தில் 60 சதவீதம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று மாத அத்தியாவசியச் செலவு என்பது இரண்டு மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. சம்பளத்தில் 10 சதவீதத்தை இதற்கென்று ஒதுக்கினால் 18 மாதங்களிலும், 15 சதவீதத்தை ஒதுக்கினால் ஓர் ஆண்டிலும் அது சேர்ந்துவிடும். இந்த நிதியை நான் தொகையாக நினைப்பதே இல்லை. எத்தனை வாரம் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிக்கலாம் என்ற காலமாகவே நினைக்கிறேன்.

அப்படி நினைக்கக் கற்றுக்கொடுத்தவன் என்னுடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பன். அவனுக்கு முன்னறிவிப்பு ஏதுமின்றி வேலை போனது. அவனுக்கு உடனே ஒரு வேலையும் கிடைத்தது. அது அவன் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பொருந்தாத, குறைந்த சம்பள வேலை. கையில் சில வாரச் செலவுக்குப் பணம் இருந்ததனால் அதை மறுத்துவிட்டுப் பொறுமையாகத் தேடினான். முன்பு பார்த்ததைவிட நல்ல வேலையில் சேர்ந்தான். அவசர நிதி ஆபத்திலிருந்து காப்பாற்றுவதோடு, அவசரப்பட்டு முடிவெடுக்கும் கட்டாயத்திலிருந்தும் காப்பாற்றுகிறது என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். இந்தப் பணத்துக்கு அதிக வட்டி தேடக் கூடாது. கேட்ட நாளில் எடுக்க முடிவதும், மதிப்பு குறையாமல் இருப்பதுமே இதற்குத் தேவையான குணங்கள். வைப்புத்தொகைக் காப்பீடு உள்ள வங்கியில், அன்றாடம் பயன்படுத்தாத தனிச் சேமிப்புக் கணக்கு போதுமானது.

இனிக் கடன் அட்டை. செலவிடும் நாளையும் பணம் கொடுக்கும் நாளையும் பிரித்துவைப்பதற்கென்றே உருவான கருவி அது. அந்தப் பிரிவு நம் மனத்தில் என்ன செய்கிறது என்பதை டிராசென் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. கூடைப்பந்து ஆட்டத்துக்கான நுழைவுச்சீட்டுகளை உண்மையாகவே ஏலம் விட்டு, ஒரு குழுவினரிடம் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்றும் மற்றொரு குழுவினரிடம் அட்டையில் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னபோது, அட்டைக் குழுவினர் கேட்ட விலை ரொக்கக் குழுவினருடையதைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. பொருளும் அதேதான், கொடுக்கும் முறை மட்டுமே வேறு. இதனால் அட்டையே கூடாது என்ற முடிவுக்கு நான் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்டிவிடுபவருக்கு அது வட்டியில்லாத சில வார அவகாசம் தருகிறது, நல்ல கடன் வரலாற்றையும் உருவாக்குகிறது. அட்டையில் செலவிட்ட அன்றே அதே தொகையைச் செலவுக் கணக்கிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிடுவது என் வழக்கம். கொடுக்கும் நாளை வங்கி தள்ளிவைத்தாலும் நான் தள்ளிவைப்பதில்லை.

கவலையோடு சொல்ல வேண்டியது, அறிக்கையில் முழுத் தொகைக்குக் கீழே அச்சிடப்படும் குறைந்தபட்சத் தொகையைப் பற்றி. மாதத்துக்கு 3 சதவீத வட்டி என்பது கேட்பதற்குச் சிறியதாக இருக்கிறது; கூட்டுவட்டியாகக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். ஒருவருக்கு 1,00,000 பாக்கி இருக்கிறது, அட்டையை இனிமேல் பயன்படுத்துவதே இல்லை, ஒவ்வொரு மாதமும் நிலுவையில் 5 சதவீதத்தைக் குறைந்தபட்சத் தொகையாகத் தவறாமல் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் 3 சதவீதம் ஏறி 5 சதவீதம் இறங்கினால் நிலுவை ஒவ்வொரு மாதமும் 2 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறையும். 32 மாதங்கள் கழித்து அவர் மொத்தமாக ஏறக்குறைய 1,20,000 கட்டியிருப்பார். அப்போதும் சுமார் 50,000 பாக்கி நிற்கும். வாங்கியதைவிட அதிகமாகக் கட்டிய பிறகும் பாதிக் கடன் மீதமிருக்கிறது. இத்தனைக்கும் அவர் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. மேலும், முழுத் தொகையைக் கட்டாமல் விட்டால், அட்டைகள் பலவற்றில் புதிதாக வாங்கும் பொருட்களுக்கான வட்டியில்லா அவகாசமும் போய்விடும். வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். ஏற்கெனவே இந்தச் சுழலில் இருப்பவர்கள் எந்தப் புதிய சேமிப்பையும் தொடங்கும் முன், ஒரு மாதச் செலவுக்கான கையிருப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் வட்டி விகிதம் அதிகமுள்ள கடனின் மேல் செலுத்த வேண்டும். அந்தக் கடனை அடைப்பது அவ்வளவு வட்டி தரும் முதலீட்டுக்குச் சமம். அதே அளவு வருமானத்தை நிச்சயமாகத் தரும் வேறு முதலீடு எதையும் நான் அறியேன்.

தவணைக் கடனிலும் இப்படியொரு மறைவிடம் உண்டு. 12,000 கடனுக்கு ஓராண்டுக்கு 12 சதவீத நிலை வட்டி என்றால் வட்டி 1,440, மொத்தம் 13,440, மாதத் தவணை 1,120. இதில் 12,000 முழுவதும் நம்மிடம் இருப்பது முதல் மாதம் மட்டுமே. ஒவ்வொரு தவணையிலும் அசலின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்; ஆனால் வட்டியோ முழுத் தொகைக்கும் ஆண்டு முழுவதும் கணக்கிடப்படுகிறது. குறையும் நிலுவையின் மீது கணக்கிட்டால் இந்தக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல். செயலாக்கக் கட்டணம் என்று முதலிலேயே ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டால் இன்னும் கூடும். எனவே எந்தக் கடனுக்கும், கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, குறையும் நிலுவையில் ஆண்டு வட்டி எவ்வளவு என்ற ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். பதில் தரத் தயங்குகிறவரிடம் கடன் வாங்க வேண்டாம்.

மாதச் சந்தாக்களைப் பற்றி ஒரு வரி போதும்: ஒவ்வொன்றையும் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுத் தொகையாக எழுதிப் பார்த்தால் எதை நிறுத்த வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

முதலீட்டைப் பற்றி இளைஞர்களிடையே உள்ள ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அந்த ஆர்வம் தவறான இடத்தில் செலவாவதாக நினைக்கிறேன். மாதம் 1,000 வீதம் மூன்று ஆண்டுகள் சேமித்தால் போட்ட பணம் 36,000. மாதந்தோறும் கூடும் 6 சதவீத ஆண்டு வட்டியில் அது 39,336 ஆகும். 12 சதவீதத்தில் 43,077 ஆகும். வருவாய் விகிதம் இரு மடங்கானபோதும் கிடைத்த வித்தியாசம் நான்கு மாதச் சேமிப்பைவிடக் குறைவு. அதாவது, கையிருப்பு சிறியதாக இருக்கும் காலத்தில், எந்தப் பங்கு ஏறும் என்று இரவெல்லாம் தேடுவதைவிட மாதச் சேமிப்பை ஒரு சிறிதளவு உயர்த்துவதே அதிகப் பலன் தருகிறது. காலம் நீளும்போது இந்தக் கணக்கு தலைகீழாக மாறும் என்பதையும் மறுக்கவில்லை. 72ஐ ஆண்டு வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைக்கும். 8 சதவீதத்தில் 9 ஆண்டுகள், 6 சதவீதத்தில் 12 ஆண்டுகள். அதே விதி விலைவாசிக்கும் பொருந்தும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், வட்டியில்லாமல் வைத்த பணத்தின் வாங்கும் சக்தி 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். ஆகவே ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பாதுகாப்பான வைப்பிலும், அதற்கு அப்பால் தேவைப்படுவதை மட்டும் ஏற்ற இறக்கமுள்ள, செலவு குறைந்த, பரவலான முதலீட்டிலும் வைக்கிறேன். எதில் போடுவது என்பதை நான் முடிவு செய்வதில்லை. எப்போது வேண்டும் என்ற கேள்வியே முடிவு செய்கிறது.

குறுகிய காலத்தில் நிச்சயமான பெரும் லாபம் என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்துவிட வேண்டும். 1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவர் 45 நாட்களில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கானோரிடம் பணம் வாங்கினார்; பின்னால் வந்தவர்களின் பணத்தை முன்னால் வந்தவர்களுக்கு லாபமாகக் கொடுத்ததைத் தவிர அவரிடம் குறிப்பிடத்தக்க தொழில் எதுவும் இல்லை. இன்று அதே திட்டம் கைப்பேசிச் செயலியாகவும் நண்பரின் பரிந்துரையாகவும் வருகிறது. முதலில் சேர்ந்தவருக்கு உண்மையாகவே லாபம் வந்திருக்கும் என்பதுதான் இதில் மிகவும் ஆபத்தானது. அவர் பொய் சொல்லாமலேயே நம்மை அழைக்கிறார்.

காப்பீட்டில் இரண்டு செய்திகள் மட்டும். மருத்துவக் காப்பீட்டை உடல் நலமாக இருக்கும்போதே எடுக்க வேண்டும், ஏனெனில் பல திட்டங்களில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஆயுள் காப்பீடு, நம் வருமானத்தை நம்பி யாராவது வாழும்போது மட்டுமே தேவை. அப்போதும் முதலீட்டையும் காப்பீட்டையும் ஒன்றாகக் கலக்காத, குறிப்பிட்ட காலத்துக்கான எளிய பாதுகாப்புத் திட்டமே குறைந்த பிரீமியத்தில் அதிகப் பாதுகாப்பைத் தருகிறது.

குடும்பத்துக்கு அனுப்பும் பணத்தைப் பண நிர்வாக அறிவுரைகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. தனியாக வாழ்வது என்றால் தனக்காக மட்டுமே சம்பாதிப்பது என்று அவை எண்ணிக்கொள்கின்றன போலும். பெற்றோருக்கோ தம்பி தங்கையின் படிப்புக்கோ அனுப்ப வேண்டியிருந்தால், அதை மிச்சமிருந்தால் அனுப்பும் தொகையாக வைக்காமல், வாடகையைப் போலவே மாதத் தொடக்கத்தில் ஒரு நிலையான தொகையாக வைப்பதே இருவருக்கும் நல்லது என்பது என் அனுபவம். அனுப்புகிறவருக்குத் தன் எல்லை தெரிகிறது. பெறுகிறவருக்கு எந்த நாளில் எவ்வளவு வரும் என்ற உறுதி கிடைக்கிறது, கேட்டு வாங்கும் சங்கடமும் இல்லை. ஒரு மாதம் அதிகமாகவும் மறுமாதம் ஒன்றுமில்லாமலும் அனுப்புவதைவிட, சிறிய தொகை தவறாமல் போவதையே என் அம்மாவும் விரும்பினார். நண்பர்களுக்குக் கைமாற்றாகக் கொடுக்கும்போது, திரும்பி வராவிட்டாலும் நட்பும் என் மாதக் கணக்கும் குலையாத தொகை எதுவோ அதை மட்டுமே கொடுக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றாத பெரிய தொகைக்கு, முடியாது என்று அன்றே சொல்லிவிடுவது, பார்க்கலாம் என்று நாட்களைக் கடத்துவதைவிட மரியாதையானது. அவர் வேறு வழி தேட அவகாசம் கிடைக்கும். பிறர் கடனுக்குப் பிணையாகக் கையெழுத்திடுவதைக் கடன் வாங்குவதாகவே கருத வேண்டும், ஏனென்றால் சட்டம் அப்படித்தான் கருதுகிறது.

சம்பளம் உயரும் நாளே சேமிப்பை உயர்த்துவதற்கு மிகவும் ஏற்ற நாள். ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் வடிவமைத்து 2004இல் வெளியிட்ட திட்டம் ஒன்றில், ஊழியர்கள் இப்போது எதையும் கூடுதலாகச் சேமிக்க வேண்டியதில்லை. இனி வரும் ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பகுதி ஓய்வூதியச் சேமிப்புக்குப் போகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் போதும். அப்படி ஒப்புக்கொண்டவர்களின் சராசரிச் சேமிப்பு, சம்பளத்தில் 3.5 சதவீதமாக இருந்தது 40 மாதங்களில் 13.6 சதவீதமாக உயர்ந்தது. கைக்கு வந்து பழகிய பணத்தை விட்டுக்கொடுப்பது மனத்துக்குக் கடினம். இன்னும் வராத பணத்தைப் பங்கிடுவது எளிது. நான் செய்வதும் இதன் வீட்டு வடிவம்தான். உயர்வுக் கடிதம் கையில் கிடைத்தவுடன், புதிய சம்பளம் கணக்கில் விழுவதற்கு முன்பாகவே, உயர்வில் பாதியைச் சேமிப்புக்கு நகர்த்தும் கட்டளையை மாற்றிவிடுகிறேன். மீதிப் பாதியை மனமாரச் செலவிடுகிறேன். உழைத்து உயர்ந்தவர் அந்த உயர்வை வாழ்க்கையில் உணரவே கூடாது என்னும் சிக்கனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இவை தவிர, தனியாக வாழ்பவர்கள் பலரும் தள்ளிப்போடும் வேலை ஒன்று இருக்கிறது. நமக்கு உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் படுத்துவிட்டால், வாடகை எந்தத் தேதியில் போக வேண்டும், காப்பீட்டு ஆவணம் எங்கே இருக்கிறது, எந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்பது உடன் வசிக்காத குடும்பத்தினருக்குத் தெரியாது. கணக்குகள், காப்பீடுகள், கடன்கள், மாதத் தவணைத் தேதிகள், வாரிசாக நியமிக்கப்பட்டவரின் பெயர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, கடவுச்சொற்களை அதில் சேர்க்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். என் தாளின் ஒரு பிரதி அக்காவிடம் இருக்கிறது. ஆண்டுச் செலவுகளைப் புதிதாகக் கணக்கிட்டு மாத ஒதுக்கீட்டைத் திருத்தும் அதே நாளில் அந்தத் தாளையும் திருத்தி அவருக்கு அனுப்பிவிடுகிறேன்.